‘வேதமே போதும்’ என்று எழுதிய பலகையின் கீழே: ஓர் ஆலோசனை மையத்தில் எட்டு வாரங்கள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில், ஒரு பழைய ஆலய வளாகத்தின் மாடியில், மனத்துயரில் இருப்பவர்களோடு வேதத்தைக் கொண்டு பேசும் வேதாகம ஆலோசனை மையம் ஒன்று நடக்கிறது. மையத்தின் பெயரையும் அதை நடத்தும் சபையின் பெயரையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அங்கே நடந்த ஒரு தவற்றையும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தத் தவற்றைச் செய்தவர்கள் அதைத் தாங்களே திருத்திக்கொண்டும் விட்டார்கள். ஆனாலும் துக்கத்திலோ குழப்பத்திலோ இருக்கும் ஒருவரை வீட்டார் கையைப் பிடித்து இப்படிப்பட்ட இடங்களுக்கு அழைத்துப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். போகலாமா, போனால் எதை எதிர்பார்க்கலாம், எந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, எட்டு வாரம் அங்கே உட்கார்ந்து எழுந்தவள் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். செவ்வாய், வெள்ளி ஆகிய இரு நாட்களிலும் மாலை நான்கு மணி முதல் ஏழு மணி வரை மையம் திறந்திருக்கும். கட்டணம் கிடையாது, காணிக்கைப் பெட்டியும் கண்ணில் படவில்லை, கடைசி நாள் வரை யாரும் காணிக்கையைப் பற்றிப் பேசவும் இல்லை. ஓர் அமர்வு ஒரு மணி நேரம். மொத்தம் எட்டு அமர்வுகள். பெண்களோடு பெண்களே பேசுகிறார்கள், அறையில் எப்போதும் ஆலோசகரோடு இன்னொருவரும் இருக்கிறார், கதவு பாதி திறந்தே இருக்கிறது. நான்கு நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு மண்பானை, மடித்து வைத்த சில கைக்குட்டைகள், பழைய மொழிபெயர்ப்பில் ஒரு பெரிய வேதாகமம், அவ்வளவுதான் அறை. மாடிப்படி மிகவும் செங்குத்தானது, முழங்கால் வலி உள்ளவர்களுக்குக் கடினம். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குக் கீழே பாடகர் குழுவின் பயிற்சி தொடங்கிவிடுவதால், மனம்விட்டுப் பேச நினைப்பவர்கள் செவ்வாய்க்கிழமையைக் கேட்டு வாங்குவது நல்லது. தொலைபேசியில் நேரம் கேட்டால் பெரும்பாலும் எடுப்பதில்லை. நேரில் போய்ப் பெயரை எழுதிவிட்டு வருவதே வழி. ஆலோசகரின் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. அதில் பெரிய எழுத்தில் ‘வேதமே போதும்’ என்றும், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘2 தீமோத்தேயு 3:16, 17’ என்றும் எழுதியிருக்கிறது. இந்த மதிப்புரை முழுவதும் அந்தப் பலகையைப் பற்றியதுதான் என்று சொன்னாலும் தவறில்லை.

என் கணவர் மாரடைப்பில் தவறி இரண்டு ஆண்டுகள் ஆன பிறகுதான் நான் அங்கே போனேன். அந்த இரண்டு ஆண்டுகளும் என்னைப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவற்றில் மிகுதியாகக் கேட்டது, தேவனிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது என்ற ரோமர் நிருபத்து வசனம். அது பொய்யான வசனம் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அடக்க ஆராதனை முடிந்து, பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது, முற்றத்தில் என் கணவரின் செருப்பு கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஒருவர் அதைச் சொன்னபோது, என் வாயை மூடச் சொல்வதாகவே என் காதில் விழுந்தது. அதன் பிறகு வேதாகமத்தைத் திறக்கவே கை வரவில்லை. புத்தாண்டு ஆராதனையில் தந்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டையைக் கூட உறையோடு பீரோவில் வைத்துவிட்டேன். தூக்கம் கெட்டது, சமையலில் உப்பு மறந்தது, பிள்ளைகளோடு பேச்சு குறைந்தது. மகள்தான் என்னை அந்த மாடிக்கு அழைத்துப் போனாள்.

எனக்குக் கிடைத்த ஆலோசகர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அங்கே எல்லாரும் அவரை டீச்சரக்கா என்றே அழைக்கிறார்கள். முதல் அமர்வில் அவர் வேதாகமத்தைத் திறக்கவே இல்லை. என் கணவர் என்ன வேலை பார்த்தார், காபிக்கு எவ்வளவு சர்க்கரை போடுவார், கடைசி நாளில் என்ன சட்டை போட்டிருந்தார் என்று மட்டும் கேட்டார். மற்ற நேரம் பேசாமல் இருந்தார். கிளம்பும்போது, எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள், அவர்கள் செய்த காரியங்களில் நல்லது அது ஒன்றுதான் என்று சொன்னார். வீட்டுக்கு வந்து பல மாதங்களுக்குப் பிறகு வேதாகமத்தைத் திறந்து அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். பிறகு அந்த நண்பர்கள் வாய் திறந்து பேசத் தொடங்கியதும், ‘நீங்கள் எல்லாரும் அலட்டுண்டாக்குகிற தேற்றரவாளர்’ என்று யோபு அவர்களைப் பார்த்துச் சொல்கிறான். என் வீட்டு முற்றத்தில் நின்றவர்களைப் பற்றி இந்தப் புத்தகத்துக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கிறது என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இரண்டாம் அமர்வில் டீச்சரக்கா 88-ஆம் சங்கீதத்தை என்னிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னார். எஸ்ராகியனாகிய ஏமானின் பெயரில் இருக்கும் அந்தப் பாட்டை நான் அதற்கு முன்பு கவனித்ததே இல்லை. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயோ ஓரிடத்தில் திரும்பி, நம்பிக்கையிலோ துதியிலோ போய் நிற்கும். இது திரும்புவதே இல்லை. ‘சிநேகிதனையும் தோழனையும் எனக்குத் தூரமாக விலக்கினீர், எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்’ என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. வாசித்து முடித்துவிட்டு நான் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் இருக்கிறதோ என்று. அவர், அவ்வளவுதான் என்றார். இதையும் வேதம் என்று சேர்த்துக் கட்டித் தந்திருக்கிறார்கள், ஆகவே இதையும் ஜெபம் என்று சொல்லி நீ கடவுளிடம் கொண்டுபோகலாம் என்றார். அந்த வாரத்து வீட்டுப்பாடம், சங்கீதத்தை முழுவதும் கையால் ஒரு நோட்டில் எழுதிவருவது. தினம் ஒரு வசனம், பென்சிலில், அவசரப்படாமல். பதினெட்டு வசனங்களை எழுதி முடிக்க எனக்குப் பதினெட்டு நாட்கள் ஆயின, மூன்று அமர்வுகள் அதிலேயே போயின. பதினோராம் நாளோ பன்னிரண்டாம் நாளோ, எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் அழுதேன். இரண்டு ஆண்டுகளில் ஒழுங்காக அழுதது அன்றுதான். வேதமே போதும் என்ற பலகையின் பொருளில் பாதியாவது எனக்கு அன்று விளங்கியது. வெளியிலிருந்து யாரும் எனக்குச் சொல்லத் துணியாத ஒன்றை அந்தப் புத்தகம் சொல்லிவிட்டது.

இன்னொரு பாதியை வேறு ஒரு காரியத்தில் கற்றுக்கொண்டேன். என் கணவரின் பெயரில் ஒரு வைப்புத்தொகையும் ஒரு வீட்டுமனையும் இருந்தன. அவர் உயில் எழுதவில்லை. திருநெல்வேலி சந்திப்பில் ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபோது, கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மூன்றில் இரண்டு பங்கு, இறந்தவரின் தாய்க்கு அதில் பங்கில்லை என்று தெளிவாகச் சொன்னார். நாசரேத்தில் இளைய மகனோடு இருக்கும் என் மாமியாருக்கு என் கணவர் மாதாமாதம் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார். அவர் போனதோடு அது நின்றுவிட்டது. வழக்கறிஞர் சொன்னதைக் கேட்டதும், உண்மையைச் சொன்னால், எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இனி யாரும் என்னைக் கேட்க முடியாது என்ற நிம்மதி அது.

இதை டீச்சரக்காவிடம் சொன்னபோது அவர் ரூத்தின் கதையை எடுப்பார் என்று நினைத்தேன். மருமகளுக்கும் மாமியாருக்கும் எடுக்கும் கதை அதுதானே. அவர் எடுத்ததோ மாற்கு ஏழாம் அதிகாரம். பெற்றோருக்குச் செய்ய வேண்டிய உதவியைக் ‘கொர்பான்’ என்று, அதாவது காணிக்கையாக நேர்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டால், அதன்பின் பெற்றோருக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்ட ஒரு முறையை இயேசு அங்கே கண்டிக்கிறார். முறைப்படி அது சரியான வழி. யாரும் வழக்குப் போட முடியாது. அந்த அதிகாரத்தை வாசித்துவிட்டு அவர் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. வாரிசுச் சான்றுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தில் எந்த மனுவைத் தர வேண்டும் என்று வேதாகமம் எனக்குச் சொல்லாது, அதற்கு அவரே ஒரு முன்னாள் மாணவரின் உதவியை ஏற்பாடு செய்து தந்தார். ஆனால் சான்று கையில் வந்த பிறகு, அதில் இல்லாத ஒரு கடமை எனக்கு இருக்கிறது என்று சொன்னது அந்தப் புத்தகம் மட்டும்தான். பிள்ளைகளோடு பேசி, வைப்புத்தொகையின் வட்டியை மாமியாருக்கே அனுப்புவது என்று முடிவு செய்தோம். முதல் மாதம் பணம் போனதும் அவர் தொலைபேசியில் பேசாமல் வெகுநேரம் அழுதுகொண்டிருந்தார்.

என் தங்கையைப் பற்றிய பகுதியை எழுதுவது எனக்குக் கடினம். அவளுடைய அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அவளுக்கு இருதுருவ மனநோய் (பைபோலார்), அதாவது மனம் மிதமிஞ்சிய உற்சாகத்துக்கும் ஆழ்ந்த சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் நோய் என்று மருத்துவர்கள் கண்டறிந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. லித்தியம் மாத்திரை சாப்பிட்டுவந்தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துக்கொள்வாள். மாத்திரையாகத் தரும் லித்தியம் ஓர் உப்பு. அளவு குறைந்தால் பயனில்லை, கூடினால் உடம்புக்குக் கேடு, ஆகவேதான் அந்தப் பரிசோதனை. இந்த ஒழுங்கில் அவள் வேலைக்குப் போனாள், பிள்ளையை வளர்த்தாள், ஞாயிறு பள்ளியில் பாடமும் நடத்தினாள். நான் தேறிவருவதைப் பார்த்து, அவளும் அந்த மையத்துக்குப் போக விரும்பினாள். டீச்சரக்காவுக்கு அப்போது நேரம் இல்லாததால், ஓர் இளைஞரும் அவருடைய மனைவியும் அவளோடு பேசினார்கள். இருவரும் நல்லவர்கள், ஜெபிக்கிறவர்கள், தபால்வழியில் ஆலோசனைப் பயிற்சி முடித்தவர்கள். மூன்றாம் அமர்வில் அந்த இளைஞர் சுவரில் இருந்த பலகையைக் காட்டி, நம்முடைய மனதுக்கு வேண்டியதெல்லாம் வேதத்தில் இருக்கும்போது மாத்திரையைச் சார்ந்திருப்பது ஏன், விசுவாசத்தில் ஓர் அடி எடுத்து வையுங்கள் என்று கேட்டிருக்கிறார். நிறுத்து என்று அவர் சொல்லவில்லை. அவள் நிறுத்தினாள்.

மூன்று வாரங்களுக்குள் அவளுடைய தூக்கம் முற்றிலும் போயிற்று. இரவு இரண்டு மணிக்குப் பாத்திரம் எல்லாவற்றையும் இறக்கி வைத்துக் கழுவிக்கொண்டு, சத்தமாகக் கீர்த்தனை பாடுவாள். நிறுத்தச் சொன்னால் சிரிப்பாள், உடனே சீறுவாள். சபையில் இருக்கும் ஏழைக் குடும்பங்களுக்கு என்று பதினொரு குக்கர்களைத் தவணையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுக்கினாள். முதலில் எல்லாரும் அதை ஆவியின் உற்சாகம் என்றே எண்ணினோம், நானும்தான். தனக்கு இனி சாப்பாடே தேவையில்லை என்று அவள் சொன்ன அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சேர்த்தோம். பத்தொன்பது நாட்கள் இருந்தாள். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர், மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டுக் காரணத்தை அறிந்த பிறகும் எங்களை ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. லித்தியத்தைத் திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பும் என்பதை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு விளக்கினார். அந்தப் பத்தொன்பது நாட்களில் பதினாறு நாள் டீச்சரக்கா கஞ்சிக் கலயத்தோடு வந்தார்.

இந்த இடத்தில்தான் பலகையைப் பற்றி நான் தீவிரமாக யோசிக்கத் தொடங்கினேன். வேதம் போதாது என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் 88-ஆம் சங்கீதத்தை எழுதிய கையால் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பலகையில் இருக்கும் வசனத்தையே முழுவதுமாக வாசித்தேன். வேதவாக்கியங்களெல்லாம் ‘உபதேசத்துக்கும், கடிந்துகொள்ளுதலுக்கும், சீர்திருத்தலுக்கும், நீதியைப் படிப்பிக்குதலுக்கும் பிரயோஜனமுள்ளவைகளாயிருக்கிறது’ என்று பவுல் எழுதுகிறார். அவற்றின் நோக்கம், தேவனுடைய மனுஷன் ‘எந்த நற்கிரியையுஞ் செய்யத் தகுதியுள்ளவனாக’ இருப்பது. நற்கிரியைக்கு ஒருவனைத் தகுதிப்படுத்துவது என்பது பெரிய வாக்குறுதி. மாமியாருக்குப் பணம் அனுப்பும்படி என்னைத் திருப்பியது அந்த வாக்குறுதிதான். இரத்தத்தில் உப்பின் அளவைக் காப்பது அந்த வாக்குறுதியில் இல்லை. இதே பவுல் இதே தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்தில், இனிமேல் தண்ணீர் மாத்திரம் குடியாதே, ‘உன் வயிற்றிற்காகவும், உனக்கு அடிக்கடி நேரிடுகிற பலவீனங்களுக்காகவும்’ கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள் என்கிறார். அடிக்கடி நோய்வாய்ப்படும் ஓர் ஊழியனுக்கு, வசனத்தை இன்னும் அதிகமாக வாசி என்று அவர் எழுதவில்லை. எசேக்கியா ராஜாவுக்கு இன்னும் பதினைந்து வருஷம் ஆயுசு உண்டு என்று கர்த்தருடைய வார்த்தையைக் கொண்டுவந்த ஏசாயாவே, அவனுடைய பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டவும் சொல்கிறார். வாக்குத்தத்தமும் மருந்துப் பற்றும் ஒரே வாயிலிருந்து வந்தன.

எல்லாவற்றையும்விட என்னைத் தொட்டது எலியா தீர்க்கதரிசியின் கதை. கர்மேல் பர்வதத்தில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட மனிதன், அதற்குப் பின் ஒரு மிரட்டலுக்குப் பயந்து ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறான். சாகவேண்டும் என்று கேட்பவனிடம் தேவதூதன் முதலில் எதைக் கொண்டுவருகிறான் என்று பாருங்கள்: தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். அவன் புசித்துக் குடித்துத் திரும்பப் படுத்துக்கொள்கிறான். தூதன் இரண்டாந்தரமும் வந்து தட்டியெழுப்பி, எழுந்து சாப்பிடு, நீ போகவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்கிறான். கர்த்தர் அவனோடு பேசுவதும், இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்பதும், மெல்லிய சத்தமும், இவையெல்லாம் அதற்கு நாற்பது நாள் கழித்துத்தான் வருகின்றன. சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் பிறகுதான் வசனம். அந்த அதிகாரத்தை எத்தனை கன்வென்ஷன் பந்தல்களில் கேட்டிருக்கிறேன், அந்த அடையைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

வேதமே போதும் என்ற கொள்கை நேற்று வந்ததில்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் நடந்த சபைச் சீர்திருத்த காலத்தில், மீட்புக்கு வேண்டியதெல்லாம் வேதத்தில் இருக்கிறது, சபை தன் அதிகாரத்தால் அதோடு எதையும் சேர்த்து விசுவாசிகளின்மேல் சுமத்தக்கூடாது என்ற பொருளில்தான் அது முழங்கப்பட்டது. அதாவது சாதாரண மனிதரைக் காப்பாற்றுவதற்காக வந்த கொள்கை அது. ஆங்கிலிக்கத் திருச்சபையின் 39 கோட்பாடுகளில் ஆறாவது, மீட்புக்கு அவசியமானவை அனைத்தும் வேதத்தில் உண்டு என்கிறது. திருநெல்வேலித் திருச்சபையின் வேர்களில் ஒன்று அந்த மரபுதான். 1646-ஆம் ஆண்டின் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, விசுவாசத்துக்கும் வாழ்வுக்கும் வேண்டிய கடவுளின் முழு ஆலோசனையும் வேதத்தில் உண்டு என்று இன்னும் விரிவாகச் சொல்கிறது. அதே பத்தியிலேயே, ஆராதனை, சபை நிர்வாகம் ஆகியவற்றின் சில சூழ்நிலைகளை இயற்கை அறிவின் ஒளியிலும் கிறிஸ்தவ விவேகத்தாலும் ஒழுங்குபடுத்த வேண்டும் என்றும் சேர்க்கிறது. சபையின் நிர்வாகத்துக்கே இயற்கை அறிவு வேண்டும் என்றால், சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் வேண்டாமா?

இப்போதைய வேதாகம ஆலோசனை முறை 1970-ஆம் ஆண்டில் ஜே ஆடம்ஸ் என்ற அமெரிக்கப் போதகர் எழுதிய ஒரு நூலிலிருந்து வளர்ந்தது. ‘ஒருவருக்கொருவர் புத்திசொல்ல வல்லவர்களுமாயிருக்கிறீர்கள்’ என்று ரோமர் நிருபத்தில் நம் மொழிபெயர்ப்பில் வரும் ‘புத்திசொல்ல’ என்ற சொல்லின் கிரேக்க மூலத்தைத்தான் அவர் தன் முறைக்குப் பெயராக வைத்தார். மனநோய் மருத்துவத்தை அவர் கடுமையாக விமர்சித்தார் என்பது உண்மை. ஆனால் உடலில் வேர்கொண்ட கோளாறுகளுக்கு மருத்துவர் வேண்டும் என்பதை அவரும் ஒத்துக்கொண்டார். கடல் தாண்டி, தபால்வழிப் பாடமாகச் சுருங்கி, ஒரு சுவர்ப் பலகையாக முடியும்போது அந்த ஒத்துக்கொள்ளல்தான் முதலில் உதிர்ந்துவிடுகிறது.

எங்கள் பக்கத்துக்கு வேதத்தைக் கொண்டுவந்தவர்களைப் பார்த்தாலே இது புரிய வேண்டும். பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் கட்டியவர்கள் மிஷனெரிகள். நெய்யூரில் மருத்துவமனை நடத்தியவர்களும் அவர்களே. வேலூரில் 1900-ஆம் ஆண்டில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய ஐடா ஸ்கடர் வேதத்தை நம்பாதவர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் தொடங்கிய அதே நிறுவனம் 1957-ஆம் ஆண்டில் பாகாயத்தில் மனநல மையத்தைத் திறந்து, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குகொள்ளும் முறையை வளர்த்தது. வேதமே போதும் என்று நம்பியவர்கள் கட்டிய கட்டடங்கள் இவை. ‘பிணியாளிகளுக்கு வைத்தியன் வேண்டியதேயல்லாமல் சுகமுள்ளவர்களுக்கு வேண்டியதில்லை’ என்று சொன்னவரின் வாக்கை அவர்கள் உவமையாக மட்டும் படிக்கவில்லை.

தங்கை வீடு திரும்பிய பிறகு நான் மையத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், கோபமாகத்தான் எழுதினேன். ஒரு சேவையை மதிப்பிட, அது முறையீட்டை எப்படி எடுத்துக்கொள்கிறது என்பதைப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நான்காம் நாள் அந்த இளைஞரும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நின்று என் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நல்லெண்ணத்தில் சொன்னேன் என்று ஒருமுறைகூட அவர் சொல்லவில்லை. நான் அறியாததைப் பற்றிப் பேசினேன் என்று சொன்னார். அடுத்த மாதம் மையத்தின் சேர்க்கைப் படிவம் மாறியது. நீங்கள் மருந்து சாப்பிடுகிறீர்களா, எந்த மருத்துவரிடம், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற கேள்விகள் வந்தன. அவற்றின் கீழே, மருத்துவர் தந்த மருந்தைக் குறைக்கவோ நிறுத்தவோ சொல்லும் அதிகாரம் இங்கே எவருக்கும் இல்லை என்ற வரி தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பலகையை எடுக்கவில்லை. எடுக்கும்படி நானும் கேட்கவில்லை.

ஆகவே, போகலாமா என்று கேட்பவர்களுக்கு: துக்கத்தில் இருப்பவர்கள், குடும்பத்தில் பகையைச் சுமப்பவர்கள், செய்த தப்பை யாரிடமும் சொல்ல முடியாமல் தவிப்பவர்கள், எது நியாயம் என்று தெரிந்தும் செய்யத் துணிவில்லாதவர்கள், தாராளமாகப் போங்கள். பணம் கொடுத்தாலும் கிடைக்காத பொறுமை அங்கே கிடைக்கும். அங்கே திறந்து வைக்கப்படும் புத்தகம் நீங்கள் நினைப்பதைவிட நேர்மையானது. டீச்சரக்காவைப் போன்ற ஒருவர் கிடைக்கும்வரை காத்திருப்பதும் வீணாகாது. ஆனால் தூக்கமே இல்லாமல் நாட்கள் போகின்றன, காதில் குரல்கள் கேட்கின்றன, சாவைப் பற்றிய எண்ணம் விடாமல் வருகிறது, பிரசவத்துக்குப் பின் ஒரு தாய் தன் குழந்தையையே பார்க்க மறுக்கிறாள் என்றால், முதலில் மருத்துவரிடம் போங்கள். நள்ளிரவில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மையத்துக்கு அதன் பிறகு போகலாம், அல்லது இரண்டுக்கும் சேர்ந்தே போகலாம். எந்த மையமானாலும் முதல் நாளே, மருந்தைப் பற்றி உங்கள் கொள்கை என்ன என்று கேட்டுவிடுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அன்றே எழுந்துவிடுங்கள். நான் போன மையத்துக்கு, என் தங்கை மருத்துவமனையில் இருந்தபோது கேட்டிருந்தால், ஐந்துக்கு ஒன்றுகூடத் தந்திருக்க மாட்டேன். இன்று நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று அந்தப் பத்தொன்பது நாட்களுக்காக.

என் எட்டு அமர்வுகளும் எப்போதோ முடிந்துவிட்டன. தங்கை இப்போது செவ்வாய்க்கிழமைகளில் டீச்சரக்காவிடம் போகிறாள், நான் துணைக்குப் போய்க் கீழே வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். போன வாரம் மழை தூறியதால் மாடிக்கே ஏறி, கதவுக்கு வெளியே நின்றேன். பாதி திறந்திருந்த கதவு வழியாக டீச்சரக்காவின் குரல் கேட்டது. மாத்திரை போட்டாயா, இரத்தப் பரிசோதனை எந்தத் தேதியில், நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று வரிசையாகக் கேட்டு, நோட்டில் குறித்துக்கொண்டார். பானையிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அவள் கையில் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, சரி, போன வாரம் எந்த இடத்தில் விட்டோம் என்று கேட்டுக்கொண்டே வேதாகமத்தைத் திறந்தார்.